வேலிக்கு இங்கால ஒரு சட்டி சோறு

வாவிக்கரை ஒழுங்கையில் மத்தியான வெயில் வெள்ளையாக நிற்கிறது. செபஸ்தியாம்பிள்ளையின் கேற்றில் சுகாதாரப் பரிசோதகர் ஒட்டிவிட்டுப் போன தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒரு மூலை பிரிந்து படபடக்கிறது. மனிசன் நேற்று ஆஸ்பத்திரியில் கொரோனாவால் முடிந்துவிட்டார். உடலைக்கூட வீட்டுக்குத் தரவில்லை. உள்ளே மனைவியும் மகள் டினோஷாவும் மட்டும். பந்தல் போடவேண்டிய முற்றத்தில் ஒரு காகம் நடக்கிறது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல் சனம்தான் சோறு கொண்டுபோகும். அடுத்த வளவு றோசம்மா சமைத்து இறக்கிய கையோடு, வாழையிலையால் மூடிய சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலியோரம் நிற்கிறாள். முகக்கவசம் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டுகிறது. "கேற்றடியில வெச்சிட்டு வாறன்," என்கிறாள். "போகாத புள்ள. அந்த வருத்தம் சட்டியிலயும் ஒட்டுமாம். பிறகு நம்மட கேற்றிலயும் நோட்டீஸ்தான்," என்கிறான் விறாந்தையில் இருக்கும் புருசன் மேர்வின். எதிர்வீட்டு யன்னல் ஒன்று மெல்லச் சாத்தப்படுகிறது. வாவியில் ஒரு தோணியும் இல்லை. தண்ணீர் மட்டும் கண்ணைக் குத்துகிறது. சட்டியின் சூடு அவள் இடுப்பில் ஆறிக்கொண்டு வருகிறது.

டினோஷா பின்வாசலால் வெளியே வருகிறாள். றோசம்மாவைப் பார்க்கிறாள், சட்டியைப் பார்க்கிறாள். றோசம்மாவின் கால் நகரவில்லை. பிள்ளை குனிந்து, தென்னையடியில் கிடக்கிற காய்ந்த பாளை இரண்டைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.

கொஞ்ச நேரத்தில் செத்த வீட்டுக் குசினியிலிருந்து புகை எழும்புகிறது.