உப்பைத் தாங்கும் ரகம்

"ஒரு வாரம் வர வேண்டிய லாரித் தண்ணி நாலே நாள்ல காலி! ஏன்? நாம குடிக்கிற நல்ல தண்ணியத் திருடி இவன் மரத்துக்கு ஊத்தறான்!"

எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். லிஃப்டிலிருந்து புதிதாக யார் இறங்கினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நல்ல தண்ணிதான்னு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சரம்மா. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகியும் கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை.

"விரலை விட்டு நக்கிப் பார்த்தேன்."

தோட்டக்காரர் காலி வாளியோடு சுவர் ஓரமாக நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் இருபத்திரண்டு புன்னைக் கன்றுகள், வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து வைத்தவை. அது செயலாளரின் திட்டம்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். சமையலறைக் குழாயில் மட்டும் லாரித் தண்ணீர் வரும். குடிக்கவும் சமைக்கவும் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பம்ப் ரூமில் குடியிருக்கும் தோட்டக்காரர் குடும்பத்துக்கு அதில் தினம் இரண்டு வாளி.

"உப்புக்காத்து, உப்பு மண்ணு, எல்லாத்தையும் தாங்கும், வருஷம் பூரா பச்சையா நிக்கும்னுதானே நர்சரிக்காரன் சொன்னான்? அப்புறம் எதுக்குடா நல்ல தண்ணி?"

"வளர்ந்தா தாங்கும் சார். இது இப்போ பச்சைக் குழந்தை சார்."

"குழந்தைன்னா பால் ஊத்த வேண்டியதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது நான்தான். என் வாய் அப்படி.

"சார், இது எங்களோட..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பேசாதே! சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு. புது ஆளுக்குச் சொல்லியாச்சு."

அவர் அப்புறம் பேசவே இல்லை. பேசாதே என்றால் பேசாமல் இருக்கிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேறென்ன எடுத்து வைத்திருக்கிறான் என்று பார்க்க, சாயங்காலம் ஒரு கும்பலே பம்ப் ரூமுக்குள் நுழைந்தது. நானும்தான். இரண்டு பாய், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம். எடுத்து வைக்க அங்கே இடமே இல்லை. தோட்டக்காரர் வெளியே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துரத்தி விடுகிற வீட்டைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம்.

டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் தயங்கினாள். "மேல உங்க வீட்டுலயே குடிச்சுக்கறீங்களாம்மா?"

"பார்த்தீங்களா, ஒரு வாய் தண்ணி கொடுக்கக்கூட மனசு வரலை!" என்றாள் செயலாளர் மனைவி.

தோட்டக்காரர் மனைவி உடனே டம்ளரில் மொண்டு நீட்டினாள். டீச்சரம்மா ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"உப்பு! ஐயோ, கரிக்குதே! இதையா குடிக்கறீங்க? தினம் ரெண்டு வாளி நல்ல தண்ணி வருதே, அது எங்கே?"

"கன்னுக்கு."

"உங்க பங்கையா?"

"ரெண்டு வாளியில இருபத்திரண்டு மக்தாம்மா வரும். கன்னும் இருபத்திரண்டு. போன தடவை வச்ச கன்னெல்லாம் பட்டுப்போச்சுன்னு பழைய தோட்டக்காரரை அனுப்பிட்டீங்க. இதுவும் பட்டுப்போனா எங்களையும் அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"அதுக்காக எட்டு மாசமா இந்தத் தண்ணியக் குடிச்சீங்களா?"

"மரம் பழகறதுக்குள்ள நாங்க பழகிட்டோம்மா."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "அதை அப்பவே சொல்லியிருக்கணும். இப்போ புது ஆளு சாமானோட கிளம்பிட்டான். நான் என்ன பண்றது?"

தோட்டக்காரர் வெளியே கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அப்போ லாரித் தண்ணி எங்கேதான் போகுது?" என்றார் டீச்சரம்மா.

மறுபடி அவர் கேள்விதான். அந்த நேரம் பார்த்து இரண்டாவது மாடியிலிருந்து வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மெஷின். உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பேறுகிறதே என்று, அதன் குழாயைச் சமையலறைப் பைப்பில் மாட்ட வைத்திருந்தேன். பிளம்பர் வேலையை முடித்துவிட்டுச் சொன்னார்: "கவலைப்படாதீங்க மேடம். இந்த பில்டிங்ல உங்களுது ஒன்பதாவது வீடு."

நான் செயலாளர் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பழுப்பேறாத தன் வெள்ளைப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

தோட்டக்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றினார். கன்றுகள் பக்கம் திரும்பவே இல்லை. மனைவிதான் துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு வருஷம்தாம்மா. வேர் ஆழமாப் போயிட்டா அப்புறம் உப்புத் தண்ணியே போதும். அதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு மக் நல்ல தண்ணி. அந்தப் புது ஆளாவது இங்கேயே இருந்துக்கட்டும். ஊத்துவீங்களா?"

மேலே மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு மக்தாம்மா... யாராவது ஊத்துவீங்களா?"