பூச்சி தின்னாத பல்லி

"பூச்சி தின்னாத பல்லி ஒண்ணு வேணும்."

கோசாசி கேட்டதும் பல்லிக்கடை லிலிஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பாண்டுங் சந்தையில் கோசாசியைத் தெரியாதவர் கிடையாது. கோழிக்கடைக்காரர். ஆள் அலமாரி மாதிரி. பொழுது விடிவதற்குள் நூறு கோழியை அறுத்துவிட்டுக் கத்தியைக் கழுவுகிறவர். பேசினால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். இன்று என்னவோ குரல் தொண்டையைத் தாண்டவே இல்லை.

பக்கத்தில் மகள் நெந்தென். பதினோரு வயது. கையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே, போன மாதம் லிலிஸ் விற்ற புள்ளிப் பல்லி.

லிலிஸ் மூடியைத் திறந்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்ன அண்ணே இது! இதுக்கு வால்தான் சோத்து மூட்டை. வெத்தலைக் காம்பு மாதிரி ஆயிடுச்சே! வாரா வாரம் ஒரு டப்பா சுவர்க்கோழிப் பூச்சி வாங்கிட்டுப் போனீங்களே, அதெல்லாம் எங்க போச்சு?"

கோசாசி கூரையைப் பார்த்தார்.

நெந்தென் முன்னால் வந்தாள். "நான்தான் அக்கா. சுவர்க்கோழியை உசுரோட போட எனக்குப் பாவமா இருந்துச்சு. எல்லாத்தையும் தோட்டத்துல விட்டுட்டேன்."

"அடி சக்கை!" என்று ஒரு குரல்.

மழைக்கு ஒதுங்கியிருந்த மத்தோரி. கோழிக்கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கிற சத்தே கடைக்காரன். தினமும் கோசாசியிடம் இருபது கோழி வாங்குகிறவன். அவன் காதில் எது விழுந்தாலும், சாயங்காலத்துக்குள் சத்தேயோடு சேர்த்துச் சந்தை முழுக்கப் பரிமாறிவிடுவான்.

"அப்பன் அறுக்கிறது கோழி. பொண்ணு அழுவுறது சுவர்க்கோழிக்கு! அண்ணே, உங்க பரம்பரை மானமே போச்சு!"

கோசாசி இருமினார். "பல்லியைக் காட்டும்மா."

"இது பூச்சி தின்னாது, இலைதான் தின்னும்." லிலிஸ் ஒரு பச்சை இகுவானாவைக் காட்டினாள். "ஆனா ரெண்டு மூணு வருஷத்துல உங்க நீளத்துக்கு வளந்துடும். அப்புறம் கட்டில் அதுக்கு, தரை உங்களுக்கு."

"வேற?"

"இது நீலநாக்கு அரணை. முட்டை தின்னும், பப்பாளி தின்னும். கொத்தின கோழிக்கறின்னா உசுரு. உங்க வீட்டுக்குப் பொருத்தம்."

"வீட்டுலயும் கோழியா!" கோசாசி ஒரு அடி பின்வாங்கினார். "வேற காட்டும்மா."

மூன்றாவது, உள்ளங்கை நீளம்தான். கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி முள் வரிசை.

"கிரெஸ்டட் கெக்கோ. பழமாவு டப்பாவுல வரும், தண்ணி விட்டுக் குழைச்சு மூடியில வெச்சா நக்கிக்கும். விளக்குச் சூடு வேண்டாம், நம்ம ஊர்க் குளிரே போதும். சாயந்திரம் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். வாலை மட்டும் புடிச்சு இழுக்காதீங்க. விழுந்தா மறுபடி முளைக்காது."

"உசுரோட எதுவும் போட வேண்டாமே?"

"வேண்டவே வேண்டாம்."

கோசாசி விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த ரசீதுத்தாள் பறந்தது.

"நம்ம வீட்டுச் சுவத்துல ஓசியா நூறு பல்லி ஓடுது" என்றான் மத்தோரி. "அதுல ஒண்ணுக்குக் கஞ்சி ஊத்தி வளத்தா ஆகாதா?"

லிலிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளிப் பல்லியைக் கையில் எடுத்தாள். எலும்பு தட்டுப்பட்டது. கோபம் நெந்தென் மேல் பாய்ந்தது.

"பாவம் பாக்குறதுன்னா இதுக்கும் பாத்திருக்கணும்டி. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா செத்திருக்கும். அழுமூஞ்சிக்கெல்லாம் எதுக்குப் பல்லி?"

நெந்தென் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் அக்கா."

கோசாசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மத்தோரியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மழை விட்டது. மத்தோரி கிளம்பினான். கோசாசி கெக்கோவுக்குப் பணம் கொடுத்தார்; புள்ளிப் பல்லியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுக்க வெளியே போனார்.

நெந்தென் நகரவில்லை. புள்ளிப் பல்லியின் தலையை ஒற்றை விரலால் தடவினாள். பிறகு மேசையிலிருந்த இடுக்கியை எடுத்தாள். தீவன டப்பாவிலிருந்து துள்ளிய ஒரு சுவர்க்கோழியை லாகவமாகப் பிடித்துப் பல்லியின் வாயருகே நீட்டினாள்.

லபக்.

இன்னொன்று. லபக்.

லிலிஸ் வாயைப் பிளந்தாள். "ஏய், பாவமா இருக்குன்னே?"

"எனக்கென்ன பாவம்? இதுக்கு ஊட்டுறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் அக்கா." இடுக்கியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு வாங்கினாலும் மறுநாள் டப்பா காலியா இருக்கும். ஒரு நாள் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். கோழி அறுக்கக் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா டப்பாவைத் தோட்டத்துல கவுத்துட்டு, 'போங்க, நீங்களாச்சும் பொழைச்சுக்கோங்க'ன்னு கண்ணைத் தொடைச்சுட்டிருந்தாரு."

லிலிஸ் வாசல் பக்கம் பார்த்தாள். அலமாரி மாதிரி ஆள், ஸ்கூட்டர் இருக்கையை மகளுக்காகக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமேடி. நான் உன்னை அந்தத் திட்டு திட்டினேனே!"

நெந்தென் புதுப் பல்லிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னை அழுமூஞ்சின்னா ஊரு சிரிச்சுட்டுப் போயிடும் அக்கா. அப்பாவைச் சொன்னா, நாளைக்கு எப்படிக் கத்தியை எடுப்பாரு?"