சுவருக்குக் கண் இல்லை

சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கப் போன கூட்டத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லை.

அதிகாரி பேசுவதைப் பக்கத்திலிருந்த தட்டச்சுப் பெண் கணினியில் அடிக்க, அது எதிர்ச்சுவரில் எழுத்தாக ஓடியது. நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்தோம்.

எங்கள் காதுகேளாதோர் சங்கத்தின் கோரிக்கை ஒரே வரிதான். அரசு ஆஸ்பத்திரியில் வாரம் ஏழு நாளும் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும்.

அந்த ஏழில் எனக்கு வேண்டியது ஞாயிறு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் என் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்தது என்னவென்று செவ்வாய்க்கிழமை என் தங்கை வந்து கையால் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் தரலாம் என்று சுவரில் எழுத்து வந்தது.

ஏழு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு நீட்டினேன். அதிகாரி தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து, கூட வந்திருந்த எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் என் பக்கம் திரும்பிச் சைகையில் சொன்னார்.

"அஞ்சு நாள் குடுத்தாக்கூட போதும்மா. வாங்கிட்டுப் போயிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதுவரை இறங்கி வரலாம் என்ற பேச்சு சங்க அறையைத் தாண்டக் கூடாது என்று முந்தின நாள்தான் எல்லோருமாக முடிவு செய்திருந்தோம். இங்கே வைத்துப் பேசாதீர்கள் என்றேன்.

அவர் சிரித்தார்.

"சுவருக்குக் காதுதானேம்மா இருக்கு, கண்ணா இருக்கு?"

அதிகாரி ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு தட்டச்சுப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் குனிந்தபடியே பதில் சொன்னாள். ரகசியம் பேச இவர்களுக்கு ஒரு ஃபைல் போதும் என்று வயிறெரிந்தது.

சுவரில் புது வரி வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, இதற்குமேல் கிடையாது.

நான் தாளை எடுப்பதற்குள் அண்ணன் எழுந்து கைகுலுக்கிவிட்டார். அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

அவர் முன்னால் போய்விட்டார். லிஃப்ட் அருகே யாரோ என் தோளைத் தொட, திரும்பினேன்.

தட்டச்சுப் பெண்.

அவள் கைகளை உயர்த்தினாள். எங்கள் மொழி, துளித் தடுமாற்றம் இல்லாமல்.

"எங்க அம்மாவும் உங்களை மாதிரிதான்னு சாருக்குத் தெரியும் அக்கா. நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்கன்னு கேட்டாரு, சொல்லிட்டேன். ஏழு நாளுக்கும் அனுமதி வாங்கி கையிலதான் வெச்சிருந்தாரு."