அரசுக் கல்லூரிதான் லாயக்கு

"வரலாறு படிச்சிட்டு கம்ப்யூட்டரா? நடுவுல ஃபெயிலாகி எங்க ரிசல்ட்டைக் கெடுக்கவா?"

தனியார் கல்லூரியின் அட்மிஷன் ஆபீசர் விண்ணப்பத்தை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மருந்துக்கடையில் நாலு வருஷமாக பில் போடுகிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவளுக்கு கோடிங் என்ன பெரிய பிரமாதம்?

"எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம்னு உங்க வாசல்லயே பேனர் தொங்குதே சார்."

"பேனர் வேற, தகுதி வேற."

ரெண்டு நிமிஷம் முன்புவரை மனுஷன் தேன் ஒழுகத்தான் பேசிக்கொண்டிருந்தார். 'பீஸ் யார் கட்டுறது?' என்று அவர் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தாள். "என் ஸ்கூட்டரை விக்கிறோம் சார். மிச்சத்துக்குக் கடன்."

அதோடு அவர் முகம் மாறிவிட்டது. பணமில்லாதவர்கள் என்றால் அவ்வளவு இளக்காரம்.

"உங்களுக்கெல்லாம் அரசுக் கல்லூரிதான் லாயக்கு," என்றார். "சாயங்கால வகுப்பு நடத்துறாங்க. அதுக்கும் இன்னிக்கு மூணு மணியோட கடைசி. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள இழுத்து மூடிடுவாங்க."

"மூடட்டும் சார். அதையும் பார்த்துடலாம்."

வெளியே வந்ததும் அக்கா கையைப் பிடித்தாள். "விடுடி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"எதுக்கு விடணும்? அந்த ஆள் மூஞ்சில கரி பூசாம எனக்குத் தூக்கம் வராது. வண்டியை எடு."

வழி முழுக்க அக்காவின் முதுகோடு வாதம் செய்துகொண்டே போனாள். ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

அரசுக் கல்லூரிக்குள் நுழையும்போது மணி மூணு இருபது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் லேபில் ஒரு நாற்காலி காலியில்லை. விண்ணப்ப ஜன்னலும் திறந்தே இருந்தது.

உள்ளே கைப்பையைத் தோளில் மாட்டியபடி ஒரு கிளார்க் அம்மா. "வாங்க, வாங்க. சான்றிதழைக் கொடுங்க."

"நான் வரலாறுங்க..."

"அதனால என்ன? போன வருஷம் முதல் மார்க் வாங்கினவர் தபால்காரரு."

பத்து நிமிஷத்தில் சீட் கிடைத்துவிட்டது. ஒரு வருஷக் கட்டணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பின்பக்கம் ஏதாவது பாக்கி எழுதியிருக்கிறதா என்று அக்கா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவளுக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. புகார் எழுதப் போனை எடுத்தபடியே கிளார்க் அம்மாவிடம் சொன்னாள்.

"முதல் வேலையா அந்த ஆபீசர் மேல அவர் முதலாளிக்கே புகார் எழுதப் போறேன் மேடம். வர்றவங்களை என்னமா அவமானப்படுத்துறாரு."

"யாரு, வழுக்கைத் தலை, தங்கப் பிரேம் கண்ணாடியா?"

"அவரேதான். அவர் புகழ் இங்க வரைக்கும் பரவிடுச்சா?"

"அதை எழுதிடாதீங்கம்மா, பாவம், வேலை போயிடும். அவர் மேஜைக்கு நேரா முதலாளி கேமரா வச்சிருக்காரு, பேச்சும் பதிவாகும். 'இங்க வேணாம், அங்க போங்க'ன்னு நல்ல வார்த்தையில சொல்ல அவருக்கு வழியில்லை. கடன் வாங்கிப் படிக்க வர்றவங்களை இப்படித் திட்டித்தான் அனுப்புவாரு."

கிளார்க் அம்மா எழுந்து ஜன்னல் கதவை இழுத்தார்.

"மூணு மணிக்கே இதை நான் மூடியிருக்கணும். 'ரெண்டு பொண்ணுங்க கோவமா வர்றாங்க, கொஞ்சம் திறந்து வைங்க'ன்னு அவர்தான் போன் பண்ணாரு."