முதல் ஞாயிற்றுப் பசி

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று எங்கள் மார்மன் சபையில் யாரும் சாப்பிட மாட்டோம். அந்தச் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்குப் போகும். அன்று டெல்மரும் அவன் மனைவி ஆர்வில்லாவும் ஒரு வேண்டுதலையும் சேர்த்து வைத்திருந்தார்கள். டெல்மர் காணிக்கை கொடுக்கப் போன நேரம் பார்த்து, ஆர்வில்லா மளிகை அறையில் நின்றபடி ரொட்டியில் பீச் ஜாம் தடவி வாயில் அடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டெல்மர்!

"வாயில என்ன?"

அவள் வாயிலிருந்ததைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.

"ரொட்டி. பசி தாங்க முடியலை, டெல்மர். காலையிலேருந்தே..."

"தலை சுத்துதா?"

"லேசா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அடி கள்ளி! எங்கிட்டயே மறைச்சியா? நல்லா சாப்பிடு. மாசமா இருக்கிறவளுக்கு ஏதுடி பட்டினி!"

"ஐயோ, அதில்ல! வெறும் பசிதான்..."

"பசிக்காதா பின்னே? ரெண்டு உசிருக்குப் பசிக்கணுமே!"

கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை கேட்டு அவர்கள் கிடந்து வந்த பட்டினி அது. டெல்மர் அங்கேயே மண்டியிட்டு, கண்ணீரோடு கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கினான். ஆர்வில்லா ரொட்டியை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

உங்கள் வீட்டுத் தொட்டில்கள் என்றைக்கும் காலியாக இருக்க வேண்டாம், கண்ணுகளா.