துருப்பயல் வைத்த கறை

ஒரு கல்லூரி ஆவணக் காப்பகத்தில், காலமான பேராசிரியர் ஒருவரின் கடிதப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. பேராசிரியரே அதைத் தமக்கு வந்த மூன்று பக்கத் தட்டச்சுக் கடிதம் ஒன்றோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். வருஷம் போகப் போக ஊசியில் துருவேறிவிட்டது.

"துருப்பயலே, என்னைக் கறையாக்கிவிட்டாயே!" என்று சீட்டு தினமும் கரித்துக்கொட்டும்.

"நான் பிடியை விட்டால் நீ எங்கே போவாயோ, தாயே!" என்று முனகும் குண்டூசி.

ஒருநாள் காப்பாளர் ஜெமிமா பெட்டியைத் திறந்தார். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றிவிடுவது அங்கே வழக்கம். குண்டூசி ஒரு டப்பாவில் போய் விழுந்தது.

"விட்டது சனியன்!" என்று சீட்டு துள்ளியது. துள்ளிய வேகத்தில் மின்விசிறிக் காற்று அதைத் தூக்கித் தரையில் போட்டது.

உதவியாளர் பொன்னுரங்கம் எடுத்துப் படித்தார். "'நீங்கள் சொன்னதே சரி, மன்னியுங்கள்'னு கையால எழுதியிருக்கும்மா. பேரில்லை, தேதியில்லை. குப்பையில போட்டுடட்டா?"

சீட்டுக்கு உயிரே போயிற்று. "ஊசியண்ணே, நான் யாருன்னு சொல்லேன்!" என்று கதறியது. ஊசி சொன்னால் மனிதர் காதில் விழுமா?

"கொடுங்கண்ணே," என்று ஜெமிமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் இரண்டு துருப்பொட்டுகள். தட்டச்சுக் கடிதத்தின் ஓரத்திலும் அதே இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார், கச்சிதமாகப் பொருந்தின.

"மூணு பக்கம் நம்ம பேராசிரியரைத் திட்டின மனுஷன், கடைசியில இதையும் எழுதியிருக்காரு பாருங்க!" என்று சிரித்தபடி, கடிதத்தின் எண்ணைச் சீட்டில் பென்சிலால் குறித்தார்.

"அந்தக் கறையைச் சுரண்டிடட்டுமாம்மா?" என்றார் பொன்னுரங்கம்.

"ஐயையோ, அதுல கை வைக்காதீங்க!" என்று ஜெமிமாவுக்கு முந்திக்கொண்டு அலறியது சீட்டு.