வெளிச்சம் வந்து போனபின்

"இதுவும் வலிப்புல ஒரு வகைதான்மா. மூளையில சின்னதா ஒரு தழும்பு இருக்கு. அந்த வெளிச்சம், நிம்மதி எல்லாம் அங்கேருந்துதான் வருது. மாத்திரை போட்டா நின்னுடும்" என்றார் நரம்பியல் டாக்டர்.

"அப்போ சாமி வராதா?" என்று மனைவியை முந்திக்கொண்டு கேட்டான் கணவன்.

"வராதுங்க."

"அப்படின்னா வேணாம் டாக்டர். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?"

"நீங்க எழுதுங்க டாக்டர். இன்னைக்கே ஆரம்பிக்கறேன்" என்றாள் அவள்.

"தேடி வர்ற சாமியை வேணாங்கறியே!"

அவள் கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லல. நேத்து வெளிச்சம் போய்க் கண்ணு தெளிஞ்சா, ஸ்கூல் வேன் ரோட்டை விட்டு இறங்கி நிக்குது. பின்னாடி இருபத்தெட்டு பிள்ளைங்க. டிரைவரக்கா சாமி கும்பிடறாங்கன்னு நினைச்சு, சத்தம் போடாம உக்காந்திருந்துச்சுங்க."